ஹாலந்துக்காரியின் கேள்வி

என் பேத்தி கெசியா பொருளாதாரம் படிக்க ஹாலந்துக்கு விண்ணப்பம் போடுகிறாள் என்ற விஷயம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. எங்கள் தீவில் மொத்தமே நாற்பது வீடு. மற்ற எல்லா வீட்டுக்கும் தெரிந்த பிறகு, படகுத்துறையில் வைத்துப் பக்கத்து வீட்டு எல்வுட் சொன்னான்.

"உன் பேத்தி ஹாலந்துக்காரங்க மாதிரி மரச்செருப்பு மாட்டிக்கப் போறாளாமே."

எல்வுட் சொல்வதில் பாதி பொய், மீதி ஊதிப் பெருக்கியது. அதனால் வீட்டுக்கு வந்து மருமகள் ட்ரேசியிடம் கேட்டேன். ட்ரேசி தீவின் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்குத் தெரியாமல் இங்கே ஒரு உறைகூட நகராது. "ஆமா மாமா. நீங்க கத்துவீங்கன்னுதான் யாரும் சொல்லல" என்றாள். நான் கத்தினேன்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு படகுதான். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் இந்தக் கரையில் நாங்கள் சிங்கி இறால் பிடிக்கிறோம், வேறு எதுவும் செய்யத் தெரியாது. வானிலை சொல்கிறவனை நான் நம்புவதில்லை. பாங்க்கை நம்புவதில்லை. போனில் தேன் ஒழுகப் பேசுகிற எவனையும் நம்புவதில்லை. கண்ணால் பார்க்காத ஊரில், கம்ப்யூட்டர் திரையில் மட்டும் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்புவதா என்று கேட்டேன்.

கெசியாவுக்கு அப்போது பதினேழு வயது. என் மகன் வேடின் ஒரே பெண். வேட் போய் எட்டு வருஷம். ஒரு நவம்பர் மாதம் கடலில் போட்ட சிங்கிக் கூண்டுகளை இழுக்கத் தனியாகப் போனவன் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த கோடையிலிருந்து இவள் என் படகில் பின்னால் நின்று வேலை செய்கிறாள். இரை கட்டுவாள், கொடுக்குக்கு ரப்பர் மாட்டுவாள், வாயும் பேசுவாள். எனக்கு அமைந்த வேலையாட்களில் இவள்தான் சிறந்தவள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

அவள் விவரம் சொன்னாள். அங்கே மூன்று வருஷத்தில் பட்டம் கிடைக்குமாம், பாடம் எல்லாம் இங்கிலீஷிலேயே நடக்குமாம், வெளிநாட்டுப் பிள்ளைக்கு வாங்குகிற கட்டணமே நம் நாட்டுத் தனியார் கல்லூரியில் கேட்பதைவிடக் குறைவாம். உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்குகிற துறைமுக நகரமாம்.

"சரி, எதுக்குப் பொருளாதாரம்?" என்றேன்.

"பிடிச்சிருக்கு தாத்தா."

"எனக்குக்கூட ஆப்பிள் பை தின்னப் பிடிச்சிருக்கு. அதை மூணு வருஷம் படிக்க முடியுமா?"

அவளுக்கே சொல்லத் தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அந்த ஊர்க்காரர்கள் செய்ததில் ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்கப் பள்ளியின் சான்றிதழ் மட்டும் அவர்களுக்குப் போதாதாம். கணக்கு, பொருளாதாரம் என்று நாடு முழுக்க ஒரே நாளில் வைக்கிற பெரிய தேர்வுகளைத் தனியாக எழுதிக் காட்ட வேண்டுமாம். நம் பள்ளிக்கூடத்தை நம்பாத ஆட்கள். நானும் நம்புகிறதில்லை. நம் நாட்டுக் கல்லூரிகள் மாதிரி ஃபுட்பால் ஆடினாயா, முதியோர் இல்லத்தில் சூப் ஊற்றினாயா என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. கெசியா இரண்டு வருஷமாக அந்தப் பாடங்களைக் கம்ப்யூட்டர் வழியாக நடக்கிற வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காதில் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி அனுப்பவும் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் பிங்கம் டீச்சர் உள்ளே வந்தார்.

தீவில் எட்டாவது வரைக்கும்தான் பள்ளி. அதற்கு மேல் பிள்ளைகள் கரையில் இருக்கிற பெரிய பள்ளிக்குப் போய், வாரம் முழுக்க உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கும். பிங்கம் டீச்சர் அந்தப் பள்ளியில் மேல்படிப்புக்கு வழி சொல்கிறவர். நல்ல பெண்மணி, கெட்ட எண்ணம் கிடையாது. எதைக் காட்டினாலும் அருமை என்பார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரைக் கல்லூரியில் சேர்த்தவர். அவருடைய வழி ஒன்றுதான். உன் வாழ்க்கையில் நடந்த மிகக் கஷ்டமான நாளைப் பற்றி எழுது, படிக்கிறவர் கண்ணைத் துடைக்க வேண்டும். இந்த நாட்டில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் எழுதுகிறது. எழுதி, இடமும் வாங்கிவிடுகிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரே எனக்குப் போன் செய்தார். கெசியாவின் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டாராம். நான் எவ்வளவு பெருமைப்பட வேண்டும் என்று விளக்கினார்.

நான் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் படிக்க நேரம் ஆகும். வேடின் படகு ஆள் இல்லாமல் ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததை எழுதியிருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததை எழுதியிருந்தாள். ஃபிளாஸ்கில் காபி இன்னும் சூடாக இருந்ததை எழுதியிருந்தாள். நான் துறையில் அவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுகூட இருந்தது. ஒரு வரி பொய் இல்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இதை யாருக்கு அனுப்பற?"

"ஹாலந்துக்கு."

"அங்க உங்கப்பனை யாருக்குத் தெரியும்?"

"தெரிய வேண்டாம் தாத்தா. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க. ஒருத்தி அம்மா அப்பா பிரிஞ்சதை எழுதினா. ஒருத்தன் முட்டி உடைஞ்சதை எழுதினான். எனக்கு நடந்தது இதுதான். வேற எதை எழுதச் சொல்ற?"

"செத்தவனைக் காட்டி சீட்டுக் கேக்கற."

ட்ரேசி அடுப்படியிலிருந்து திரும்பி, "மாமா, போதும்" என்றாள். அவள் புருஷன்தானே அவன். அவளே பொறுத்துக்கொண்டபோது நான் துள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. கெசியா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். ஜனவரியில் கடிதத்தை அப்படியே அனுப்பிவிட்டாள். உப்பு எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் ரொம்ப நாள் என்னிடம் பேசவில்லை.

அவள் வேறெங்கும் விண்ணப்பம் போடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிங்கம் டீச்சரே பத்து இடத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறார். இவள் கேட்கவில்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இது கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் படகில் இருந்துவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னாளாம். படகில் ஒரு வருஷம் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். எல்வுட் அப்படிச் சொன்னவன். நானும் அப்படிச் சொன்னவன்தான். கூடவே புதுப் படகு வாங்கக் கடன், கல்யாணம், பிள்ளை என்று வரும். அந்த ஒரு வருஷம் முடியவே முடியாது.

எனக்கு அவளைப் போல ஒரு வேலையாள் வேண்டும். அதே நேரம் அவள் படகிலேயே நின்றுவிடக் கூடாது. இரண்டும் ஒரே மனுஷனுக்குள் இருந்தால் அவன் எப்படிச் சிரித்த முகத்தோடு இருப்பான்?

மார்ச் மாதம் பதில் வந்தது. ட்ரேசி எனக்குப் படித்துக் காட்டினாள். மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது, கடிதத்தில் பொருளாதாரம் ஏன் என்பது மட்டும் இல்லை, அதனால் கம்ப்யூட்டரில் நேருக்கு நேர் பேச வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். அவர்கள் ஊர்க் கணக்கில் மாலை நாலு மணி. பாராட்டு இல்லை, மன்னிப்பு இல்லை, சுற்றி வளைப்பு இல்லை. மொத்தமே ஆறு வரி.

"இது நல்லா இருக்கே" என்றேன்.

"என்ன நல்லா இருக்கு? கடிதம் பிடிக்கலைங்கறாங்க" என்றாள் ட்ரேசி.

"அதைத்தான் சொல்றேன்."

பிங்கம் டீச்சர் கெசியாவை ஒரு வாரம் தயார் செய்தார். புன்னகை, நேர்ப்பார்வை, அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம். கெசியா வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகியதை நான் மாடிப்படி வழியாகக் கேட்டேன். ஒரே இடத்தில் ஒரே மாதிரி குரல் தழுதழுத்தது. நான் வெளியே போய் விறகு பிளந்தேன்.

அந்த நாள் வந்தது. அவள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இழுத்து வாரி, பத்து மணிக்குச் சமையலறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஹாலந்து நமக்கு ஆறு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பது கணக்கு. பத்து மணி ஆனது. யாரும் வரவில்லை. பத்தேகால் ஆனது. திரையில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

கூண்டு கிடக்கிற இடத்தைக் காட்டுகிற மிதவைகளுக்குப் பூச எல்வுட் பெயின்ட் கொண்டு வந்திருந்தான். வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "என்ன, மாப்பிள்ளை வீட்டார் வரலியா?" என்றான். வாயை மூடு என்று சைகை காட்டினேன்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. இது ஏமாற்று வேலை என்று நான் முதல் நாளே சொன்னேன் அல்லவா, என்று மனசுக்குள் ஓடியது. வழக்கமாக மனசுக்குள் ஓடினால் வாயிலும் வரும். அன்று வரவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதம் அப்படி.

அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டு மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது பழைய ஸ்வெட்டரும் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தாள். முழங்கையில் கிழிந்த, எத்தனை துவைத்தாலும் இரை நாற்றம் போகாத ஸ்வெட்டர். நேரே கூண்டுகள் வைக்கிற கொட்டகைக்கு நடந்தாள். நானும் எல்வுட்டும் பின்னால் போனோம்.

மார்ச்சில் எங்களுக்குக் கொட்டகை வேலைதான். கூண்டுகள் எல்லாம் கரையில் இருக்கும். வலை பிய்ந்ததைக் கட்டுவோம், மிதவைக்குப் பெயின்ட் பூசுவோம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம். என்னுடையது ஆரஞ்சு, நடுவில் கறுப்புப் பட்டை. கெசியா ஒரு மிதவையை எடுத்து மடியில் வைத்துப் பூச ஆரம்பித்தாள். அவ்வளவு அழுத்தி யாரும் பெயின்ட் பூசி நான் பார்த்ததில்லை.

கொட்டகைச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை மணியை முன்னே தள்ளு, பின்னே தள்ளு என்று அரசாங்கம் சொல்வதை நான் மதிப்பதில்லை. வீட்டுக்குள் ட்ரேசி மாற்றுவாள். கொட்டகைக் கடிகாரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. சூரியனுக்கு ஒரு மணிதான் உண்டு. அந்த வாரம்தான் நாடு முழுக்க மணியை முன்னே தள்ளியிருந்தார்கள். என் கடிகாரம் வழக்கம்போல ஒரு மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கெசியா பூசுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். கையில் பிரஷ் சொட்டிக்கொண்டிருந்தது.

"தாத்தா, ஹாலந்துல மணி மாத்துவாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. "மாத்துவாங்க. ஆனா நம்மள மாதிரி இப்ப இல்ல, மாசக் கடைசியிலதான். அவங்க இன்னும் மாத்தவே இல்ல. அப்ப ஆறு மணி நேரம்ங்கறது உன் கடிகாரத்துக்குத்தான் சரி. வீட்டுக் கடிகாரத்துக்கு அஞ்சுதான்."

என் கடிகாரத்தில் பத்தடிக்க இன்னும் சில நிமிஷம்தான் பாக்கி. அவள் பிரஷைப் பெயின்ட் டப்பாவிலேயே போட்டுவிட்டு ஓடினாள். சட்டை மாற்ற நேரமில்லை, கை கழுவவும் நேரமில்லை.

நானும் எல்வுட்டும் போய்ச் சேரும்போது பேச்சு தொடங்கிவிட்டது. சமையலறைக்குப் பக்கத்தில் பூட்ஸ் கழற்றுகிற சின்ன அறையில் நின்றோம். கதவு பாதி திறந்திருந்தது. கெசியாவின் முதுகும், அதற்கு அப்பால் திரையில் ஒரு பெண்மணியும் தெரிந்தார்கள். என் மகளாக இருக்கக்கூடிய வயது, குட்டை முடி, நகை எதுவும் இல்லை. பெயர் மாரைக்கே என்று சொல்லிக்கொண்டார். பக்கத்தில் குறிப்பு எழுதுகிற ஓர் இளைஞன். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. வானிலையைப் பற்றிப் பேசவில்லை. நேரே ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்.

கெசியா பழகியபடி ஆரம்பித்தாள். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு நவம்பர் காலை, என் அப்பாவின் படகு.

அந்தப் பெண்மணி கையை உயர்த்தினார்.

"கெசியா, அதை நான் படிச்சேன். உங்க அப்பாவுக்கு நடந்தது எனக்கு நிஜமாவே வருத்தம். ஆனா அதுக்கு நான் மார்க் போட முடியாது. அப்பா இல்லாத பிள்ளைங்க மருத்துவமும் படிக்கலாம், சமையலும் படிக்கலாம். நீங்க ஏன் பொருளாதாரம்?"

எல்வுட் என் காதில், "என்னடா இது, இப்படி முகத்துல அடிக்கறா" என்றான். எனக்கோ அந்தப் பெண்மணியை ரொம்பப் பிடித்துப்போனது. எட்டு வருஷமாக வேடைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு தோளைத் தொடுவார்கள்.

பிங்கம் டீச்சர் கற்றுக்கொடுத்தது எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. உள்ளே போய்க் கம்ப்யூட்டர் கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட எனக்கு ஒரு நொடி தோன்றியது.

அவள் தன் கையைப் பார்த்தாள். விரல் எல்லாம் ஆரஞ்சுப் பெயின்ட்.

"எங்க பக்கத்து வீட்டுல எல்வுட்னு ஒரு தாத்தா இருக்கார்" என்று ஆரம்பித்தாள். "சீட்டாட்டத்துல ஏமாத்துவார். வாய் திறந்தா பொய். எங்க தாத்தாகிட்ட வாங்கின ரம்பத்தை நான் பிறக்கறதுக்கு முந்தியிலேருந்து திருப்பித் தரல."

எல்வுட் விறைத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா அவர் கூண்டுல சினையோட ஒரு பொட்டைச் சிங்கி வந்தா, சினைச் சிங்கின்னு அடையாளத்துக்கு வால்ல ஒரு வெட்டு வெட்டித் தூக்கிக் கடல்ல போட்டுருவார். நல்ல விலைக்குப் போகும். யாரும் பாக்கல, சுத்தி ஒரு படகு இல்ல. இருந்தாலும் போட்டுருவார். அடுத்த தடவை அது சினை இல்லாம எங்க தாத்தா கூண்டுல வரும். வெட்டைப் பாத்து அவரும் போட்டுருவார். எங்க தாத்தா யாரையும் நம்ப மாட்டார். பாங்க்கை நம்ப மாட்டார், கடிகாரத்தைக்கூட நம்ப மாட்டார். ஆனா இந்த ஒண்ணுல எல்வுட்டை நம்பறார். அது ஏன்னு எனக்குத் தெரியணும்."

அந்தப் பெண்மணி சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள் கெசியா. அப்போது அபராதத்துக்குப் பயந்துதானே என்றார் அவர். சட்டத்துக்கு முன்னாலிருந்தே போட்டுக்கொண்டிருந்தார்கள், மீன்வளத் துறைப் படகு எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வரும், அதுவும் வருவது தூரத்திலேயே தெரியும் என்றாள் கெசியா. அவர் விடவில்லை. ஒருவன் ஏமாற்றினால் என்ன ஆகும்? முதல் தடவை அவன் மிதவையில் யாரோ ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள், அதுதான் எச்சரிக்கை என்றாள். இரண்டாம் தடவை? கயிறு அறுந்திருக்கும், கூண்டு கடலுக்கு அடியில் போயிருக்கும். யார் அறுத்தது என்று யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இதெல்லாம் வெளியாளிடம் சொல்கிற விஷயம் இல்லை. எல்வுட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பயம்தானே? சட்டத்துக்குப் பதிலா பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட பயம்" என்றார் அந்தப் பெண்மணி. சண்டைக்கு நிற்கிற குரல். ஆனால் இப்போது முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாதி அப்படித்தான்" என்றாள் கெசியா. "மீதிக் கதை வேற. ஒரு சிங்கி முட்டையிலேருந்து வந்து, பிடிக்கற அளவுக்கு வளர ஏழு வருஷம் ஆகும். எங்க அப்பா போய் எட்டு வருஷம் ஆச்சு. அவர் கடைசி வருஷம் தூக்கிப் போட்டதோட குஞ்சுங்களைத்தான் போன கோடையில நாங்க பிடிச்சோம். அதை வித்துத்தான் இந்தப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அவர் போடும்போது, தான் பிடிக்க மாட்டோம்னு அவருக்குத் தெரியாது. எல்வுட்டுக்கு எழுபத்தாறு வயசு. அவருக்குத் தெரியும், ஏழு வருஷம் கழிச்சு அவர் படகுல இருக்க மாட்டார். இருந்தும் போடறார். இது எந்தப் பயத்துலயும் சேராது. எங்க வகுப்புல படிச்ச பாடத்துலயும் சேரல. அந்தப் புத்தகத்துல இருக்கற மனுஷன் முதல் நாளே அதை வித்துருப்பான்."

திரையில் அந்த இளைஞன் எழுதுவதை நிறுத்தியிருந்தான்.

அந்தப் பெண்மணி கடைசியாக ஒன்று கேட்டார். யாரையும் தெரியாத ஒரு புது ஆள் அந்தத் தீவுக்கு வந்தால் இந்த ஏற்பாடு தாங்குமா? நூறு புது ஆட்கள் வந்தால்?

"தெரியாது" என்றாள் கெசியா. "வேற சில ஊர்ல உடைஞ்சு போயிருக்கு. இங்க ஏன் நிக்குது, அங்க ஏன் உடைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வரேன்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்படியா பேசுவாள் பெரியவர்களிடம்? ஆனால் அந்தப் பெண்மணி முதன்முதலாகச் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, ஓர் ஓரம்.

"இதை ஏன் கடிதத்துல எழுதல?"

"இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு நினைச்சேன்."

"இல்ல" என்றார் அவர். "இது யாருக்கும் தெரிஞ்ச விஷயம் இல்ல."

நன்றி, முடிவு ஏப்ரலில் வரும், என்று சொல்லி அணைத்துவிட்டார். கெசியா அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு திரும்பாமலே, "ரெண்டு பேரும் ஒட்டுக்கேட்டது போதும், வெளிய வாங்க" என்றாள்.

எல்வுட் என்னிடம், "நான் பொய்யன்னு உலகம் பூரா சொல்லிட்டா, நீ கேட்டுட்டு நின்ன" என்றான்.

"ஹாலந்துக்கு மட்டும்தான் சொன்னா. ரம்பத்தை எப்ப தர்ற?"

அன்று மாலை ட்ரேசி தபால் நிலையத்திலிருந்து வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். நான் சொன்னேன். வேட் தூக்கிப் போட்டதைப் பற்றிச் சொல்லும்போது அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கெசியாவுக்கு மட்டும் பெரிய துண்டாக ஆப்பிள் பை வெட்டி வைத்தாள். அந்தக் கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் இல்லை. வேடை அவள் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டாள். ஆளில்லாத படகிலிருந்து எடுத்து, வேலை செய்கிற படகில் நிறுத்திவிட்டாள்.

ஏப்ரலில் முடிவு வந்தது. இடம் உண்டு, மே மாதத் தேர்வுகளில் கேட்ட மார்க் வந்தால். அதிலும் ஆறு வரிதான். பிங்கம் டீச்சர் போன் செய்து, அப்பாவின் கதைதான் அவர்கள் மனசைத் தொட்டிருக்கும் என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கெசியா போனை வாங்கி, "ஆமா டீச்சர், அப்பாவாலதான்" என்றாள். என்னைவிட நாகரிகம் தெரிந்தவள்.

கணக்குத் தேர்வு ஒரு திங்கட்கிழமை, அன்று காலை தீவில் மூடுபனி. தபால் படகு புறப்படாது என்று அறிவித்துவிட்டார்கள். நான் அவளை என் படகில் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கு முன்னால் ஒரு கை தூரம் தெரியவில்லை. முன்னால் வேறொரு படகு சங்கு ஊதிக்கொண்டே போனது, கரை வரைக்கும். இறங்கும்போதுதான் பார்த்தேன், எல்வுட். சும்மா இந்தப் பக்கம் வேலை இருந்தது என்றான். பொய்.

ஜூலையில் மார்க் வந்தது. கேட்டதற்கு மேலேயே வந்தது. எவ்வளவு என்று அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அந்தக் கணக்கு புரியாது. துறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், என் பேத்தி ஹாலந்தில் பொருளாதாரம் படிக்கப் போகிறாள் என்று சொல்கிறேன். கோடைக்கு வந்து படம் பிடிக்கிற சுற்றுலாக்காரர்களிடமும் சொல்கிறேன். அவர்கள் அருமை என்கிறார்கள். அவர்களை நான் நம்புவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆகஸ்டு கடைசியில் அவள் புறப்படுவதற்கு முந்தின நாள் கடைசியாக ஒருமுறை கூண்டு இழுத்தோம். எல்வுட்டின் படகு பக்கத்தில்தான் இருந்தது. அவன் கூண்டிலிருந்து ஒரு சிங்கியை எடுத்துப் புரட்டிப் பார்ப்பது தெரிந்தது. பெரியது. வயிற்றுக்கு அடியில் கறுப்பாகச் சினை. அவன் கத்தியை எடுத்து வாலில் வெட்டினான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கெசியாவுக்குத் தெரியும்படி அதை உயரத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடலில் போட்டான்.

"ஏய் புள்ள" என்று கத்தினான், எஞ்சின் சத்தத்துக்கு மேலே. "படிச்சு முடிச்சதும் வந்து சொல்லு, நான் இதை ஏன் செய்யறேன்னு. எனக்கே தெரியல."

"சொல்றேன் தாத்தா" என்று இவளும் கத்தினாள். "ரம்பத்தை முதல்ல குடு."

எனக்கு அமைந்த வேலையாட்களில் இவள்தான் சிறந்தவள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த கூண்டை இழுத்தேன். வாலில் பழைய வெட்டோடு ஒரு சிங்கி அதில் இருந்தது. அவளிடம் கொடுத்தேன். அவள் ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டு, கடலில் போட்டாள்.